மாப்பிள்ளையின் இரண்டு டைமண்ட்

மாமியார் திட்டவில்லை. அதுதான் மாப்பிள்ளைக்குப் பயமாக இருந்தது.

கிளப்பிலிருந்து கிளம்பியதும் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர், தெருவோர விளம்பரப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மாப்பிள்ளை கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இல்லாத அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

"அத்தை, ஏசி அதிகமா இருக்கா?"

"இல்ல மாப்பிள்ளை."

"கம்மியா இருக்கா?"

"சரியா இருக்கு மாப்பிள்ளை."

சரியாக இருக்கிறதாம்! கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த எதையும் மாமியார் சரி என்று சொன்னதில்லை. மாமியார் மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊராரையெல்லாம் தூங்கவைத்தாரே தவிர, வீட்டில் யாரையும் நிம்மதியாகத் தூங்கவிட்டதில்லை. அப்படிப்பட்டவர் இன்றைக்குச் சும்மா வருகிறார் என்றால் விஷயம் கைமீறிப் போய்விட்டது என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். மாமியாரும் மாப்பிள்ளையும் கிளப்பில் பிரிட்ஜ் சீட்டாட்ட ஜோடி. அந்த ஆட்டத்தில் நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். சீட்டை இறக்குவதற்கு முன்னால் தனி அட்டைகளை வைத்து ஓர் ஏலம் நடக்கும். தன் கையில் என்ன இருக்கிறது என்பதைக் கூட்டாளிக்கு அந்த ஏலத்தின் வழியாகத்தான் தெரிவிக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது, இருமக் கூடாது, புருவத்தைத் தூக்கக் கூடாது.

ஒரே ரகச் சீட்டு நிறைய இருந்தால் அந்த ரகத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டு ரகம் நிறைய வந்துவிட்டால்தான் தலைவலி. ஒரே மூச்சில் இரண்டையும் எப்படிச் சொல்வது? அதற்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. எதிராளி 'ஒரு டைமண்ட்' என்று ஏலத்தை ஆரம்பித்து, நாமும் 'இரண்டு டைமண்ட்' என்று சொன்னால், நம்மிடம் டைமண்ட் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஸ்பேடிலும் ஹார்ட்டிலும் ஐந்தைந்து சீட்டு இருக்கிறது என்று அர்த்தம்.

மாப்பிள்ளைக்கு இது தலைக்குள் ஏறவே இல்லை. டைமண்ட் என்று சொன்னால் டைமண்ட் இருக்க வேண்டாமா? மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் வேலை அவருக்கு. 'தெரிகிறது' என்றால் தெரிகிறது, 'தெரியவில்லை' என்றால் தெரியவில்லை. அந்த உலகத்திலிருந்து வந்த மனிதர், கையில் டைமண்ட் நிறைய இருந்தால் ஆசையாக 'இரண்டு டைமண்ட்' அட்டையை எடுத்து வைத்துவிடுவார். மாமியார் அதை நம்பி ஸ்பேடில் பாய்வார். அப்புறம் கிளப்பே எழுந்து நின்று பார்க்கும்படி இருவரும் கவிழ்வார்கள்.

முன்பெல்லாம் அதற்குத் திட்டு விழும். மாப்பிள்ளையை நேராகத் திட்டுவது மரியாதை இல்லையே. அதனால், மகளைக் கூப்பிட்டு அவளை முன்னால் நிறுத்திக்கொண்டு திட்டுவார்: "உன் வீட்டுக்காரர் கிட்ட சொல்லு, சீட்டுல படம் போட்டிருக்கிறது அழகுக்காக இல்லன்னு." மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொள்வார். மூன்று பேருக்கும் அது பழகிப் போயிருந்தது.

இந்தப் போட்டி ஆரம்பித்ததிலிருந்துதான் எல்லாம் மாறிப்போனது. சனிக்கிழமைதோறும் நடக்கும் இந்தப் போட்டிக்காகக் கிளப்பில் மேஜைக்குக் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு பலகையை நிறுத்திவிட்டார்கள். கூட்டாளிகள் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் எதிராளி இருப்பார். பலகைக்கு அடியிலுள்ள இடைவெளியில் ஏல அட்டைத் தட்டு மட்டும் போய்வரும். இன்றைக்கும் மாப்பிள்ளை வழக்கம்போல மறந்துபோய், டைமண்டை வைத்துக்கொண்டு 'இரண்டு டைமண்ட்' சொன்னார். தட்டு பலகைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. மாமியார் 'பாஸ்' அட்டையை, அதாவது மேற்கொண்டு ஏலம் இல்லை என்ற அட்டையை, வைத்திருந்தார். ஏதோ தெய்வாதீனமாகத் தப்பித்தார்கள். போன சனிக்கிழமையும் இதே கதைதான். இரண்டு தடவையும் மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை மனைவியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"உங்கம்மா திட்டல."

"நல்லதுதானே?"

"நல்லதா? நீ அவங்க பொண்ணுதானா? இன்னைக்கும் மறந்துட்டேன். ஒரு வார்த்தை இல்ல. ஏசி சரியா இருக்குன்னு வேற சொன்னாங்க."

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏசி சரியா இருக்குன்னா சொன்னாங்க?"

"ஆமா."

"அப்போ அது உண்மையாத்தான் இருக்கும்."

"எது?"

"அந்த ஸ்டேஷன் மாஸ்டர் இருக்காரே, பல் டாக்டரோட கூட்டாளி? அவர் இந்தப் போட்டி முடிஞ்சதும் மகன் வீட்டோட போய் இருக்கப் போறாராம். பல் டாக்டருக்கு ஆள் வேணும். அடுத்த மாசம் பெரிய போட்டி வருதில்ல, அதுக்கு யார் யாரோட ஜோடின்னு வர்ற சனிக்கிழமைக்குள்ள செயலாளர்கிட்ட சொல்லணுமாம். அம்மா போன்ல பேசிக்கிட்டு இருந்தாங்க."

"பல் டாக்டரா?" என்றார் மாப்பிள்ளை.

பல் டாக்டர் என்றால் யாரோ ஒரு பல் டாக்டர் இல்லை. மாமியார் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவரோடு ஒன்றாக வேலை பார்த்தவர். மகளுக்கு மாமியார் முதலில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை அவர்தான். மகள் பிடிவாதமாகக் கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். மாமியார் அதைப் பற்றி அப்புறம் வாயே திறந்ததில்லை. மகளுக்குப் பல்வலி வரும்போது மட்டும் ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான்.

"அப்போ கல்யாணத்துல விட்டதை உங்கம்மா சீட்டுல பிடிக்கப் பாக்கறாங்க" என்றார் மாப்பிள்ளை.

"உளறாதீங்க. ஒரே ஒரு விஷயம்தானே? ஞாபகம் வச்சுக்கிட்டா முடிஞ்சது."

முடிந்ததா? அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

முதல் வேலையாக மனைவியின் கறுப்புத் தலைமுடி ரப்பர் ஒன்றை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏற்பாடு ஞாபகத்துக்கு வரவேண்டும் என்பது திட்டம். திங்கட்கிழமை நடந்த பயிற்சி ஆட்டத்தில் எதிராளி 'ஒரு டைமண்ட்' என்றார். மாப்பிள்ளை ரப்பரைப் பார்த்தார். எதையோ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நன்றாக ஞாபகம் வந்தது. எதை என்பதுதான் வரவில்லை. ரப்பரை இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். அது பட்டென்று சத்தத்தோடு கையில் அடித்தது.

எதிராளி கையைத் தூக்கினார். "செயலாளர் சார்! இங்க சைகை நடக்குது!"

கிளப் செயலாளர்தான் நடுவரும். அவர் வந்து ரப்பரைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"இது என்ன சார்?"

"என் சம்சாரத்தோடது."

"அதைக் கேக்கல. எதுக்கு அடிச்சீங்க?"

"ஞாபகத்துக்கு."

"ஞாபகப்படுத்தற சாமான் எதையும் மேஜைக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு விதி இருக்கு. ஏன் சத்தம் வந்தது? ஒரு அடின்னா ஒரு ரகம், ரெண்டு அடின்னா ரெண்டு ரகமா?"

கிளப்பே சிரித்தது. மாமியார் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "உன் வீட்டுக்காரருக்குக் கையில ரத்த ஓட்டம் சரியில்ல போல இருக்கு. நல்ல டாக்டரா பார்த்துக் காட்டு" என்றார். மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. திட்டவில்லையே, அக்கறையாக அல்லவா பேசுகிறார்! கைகழுவிவிட்ட நோயாளியிடம்தான் டாக்டர்கள் இப்படி அன்பாகப் பேசுவார்கள்.

அடுத்த நாள் கடையில் கண் சோதிக்கும் அட்டையின் கடைசி வரிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு துண்டுத்தாளை ஒட்டினார்: 'எதிராளி டைமண்ட் என்றால் நம் டைமண்ட் டைமண்ட் அல்ல, ஸ்பேடும் ஹார்ட்டும்.' நாள் முழுக்க அந்த அட்டையைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம், மண்டையில் ஏறாமலா போகும் என்று நினைத்தார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெரிய எழுத்துகளிலேயே தடுமாறினார். நடு வரியில் மூன்றெழுத்துத் தப்பு. ஆனால் கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து கடகடவென்று ஒப்பித்தார்: "எதிராளி டைமண்ட் என்றால் நம் டைமண்ட் டைமண்ட் அல்ல, ஸ்பேடும் ஹார்ட்டும்."

மாப்பிள்ளை அசந்துபோனார். "சார், உங்களுக்கு இது எப்படிப் பதிஞ்சுது?"

"காத்துக்கிட்டு இருந்தப்ப அட்டைக்குப் பக்கத்துல போய் ஒரு தடவை படிச்சேன். ஒரு தடவை படிச்சா எனக்கு மறக்காது."

ஒரு தடவை! மாப்பிள்ளைக்கு அழுகை வராத குறை. அந்த ஏக்கத்தில், மனப்பாடம் வேறு பார்வை வேறு என்பது அவருக்கு உறைக்கவில்லை. இவ்வளவு பொடி எழுத்தைப் படிக்கிறவருக்குக் கண்ணாடி எதற்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் காலை அந்த ஆசிரியர் தன் காரைக் கடை வாசலிலிருந்த பூந்தொட்டியின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். "சார், தொட்டி எப்போ வச்சீங்க?" என்று கேட்டார். கடை முதலாளி தொட்டியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், துண்டுத்தாளைக் கிழித்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. இந்த உலகத்தில் யாருமே தன்னைத் திட்டமாட்டேன் என்கிறார்களே என்று மாப்பிள்ளைக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில் மனைவியைச் சரணடைந்தார். "நீ எப்ப வேணும்னாலும், எங்க வேணும்னாலும் 'ரெண்டு டைமண்ட்'னு சொல்லு. நான் உடனே பதில் சொல்லணும்."

அவளுக்குச் சீட்டு என்றாலே ஆகாது. ஆனாலும் புருஷன் படும் பாட்டைப் பார்த்து ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டபின் அவளை நிறுத்த முடியவில்லை. பல் தேய்க்கும்போது "ரெண்டு டைமண்ட்" என்றாள். அவர் நுரையோடு "ஸ்பேடும் ஹார்ட்டும்" என்றார். குளித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டி "ரெண்டு டைமண்ட்" என்றாள். "அஞ்சஞ்சு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கடைக்குப் போன் செய்து அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். மாமியாருக்கு எதுவும் தெரியக் கூடாது என்பதால், அவர் இருக்கும்போது இருவரும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டார்கள். மாமியார் இவர்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் காது மெஷினைக் கழற்றிச் சோதித்தார்.

ஏற்பாடு மண்டைக்குள் ஏறிவிட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மண்டையில் இடம் கொஞ்சம். ஒன்றை உள்ளே தள்ளினால் இன்னொன்று வெளியே விழுந்தது. வலது கண்ணுக்கு வெட்டிய லென்ஸை இடது பக்கம் பொருத்தினார். வண்டிச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தயிரைச் சட்டைப்பையில் வைக்கப் போனார். வெள்ளிக்கிழமை மாலை, மூட்டு வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் இடத்திலிருந்து மாமியாரை அழைத்து வர வேண்டும் என்பதை அடியோடு மறந்துபோய், நேராக வீட்டுக்கு வந்து காபி கேட்டார்.

"அம்மா எங்க?" என்றாள் மனைவி.

"எந்த அம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நல்ல கார். அதிலிருந்து முதலில் பல் டாக்டர் இறங்கினார். சுற்றி வந்து கதவைத் திறந்தார். கையைக் கொடுத்தார். மாமியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இறங்கினார். அவர் சிரித்து மாப்பிள்ளை கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

"என் க்ளினிக் அதே கட்டடம்தானே, மேடம் படியில நின்னுக்கிட்டு இருந்தாங்க. அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் பல் டாக்டர், வரிசை தப்பாத பற்களைக் காட்டி. "நீங்க பிஸியா இருப்பீங்க."

"மாப்பிள்ளைக்கு வேலை அதிகம்" என்றார் மாமியார்.

அப்போதும் திட்டவில்லை! படியில் அவ்வளவு நேரம் நிற்க வைத்திருக்கிறார், மூட்டு வலிக்காரரை. கன்னத்தில் இரண்டு போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா? 

"நாளைக்கு டேபிள்ல பார்ப்போம் சார்" என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டர் காரை ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு போனார். கடைசிச் சுற்று அவர்களோடுதான்.

சனிக்கிழமை. மேஜைக்குக் குறுக்கே பலகை. இந்தப் பக்கம் மாப்பிள்ளையும் பல் டாக்டரும். அந்தப் பக்கம் மாமியாரும் ஸ்டேஷன் மாஸ்டரும். ஓய்வுபெற்ற அந்த ஸ்டேஷன் மாஸ்டர் அதிர்ந்து பேசாத மனிதர். தன் வாழ்நாளில் ஒரு ரயிலையாவது அவசரப்படுத்தியிருப்பாரா என்பது சந்தேகம். இரு ஜோடிகளும் கிட்டத்தட்டச் சம நிலையில் இருந்தார்கள். ஒரே ஒரு ஆட்டம் பாக்கி.

மாப்பிள்ளை சீட்டை விரித்தார். ஸ்பேடில் ஐந்து. ஹார்ட்டில் ஐந்து. ராஜாவும் ராணியும் அங்கங்கே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பல் டாக்டர் 'ஒரு டைமண்ட்' அட்டையை வைத்தார்.

குளியலறைக் கதவு தட்டும் சத்தம் காதுக்குள் கேட்டது. ரப்பர் இல்லை, துண்டுத்தாள் இல்லை, எதுவுமே இல்லாமல் ஏற்பாடு அவர் முன்னால் வந்து கைகட்டி நின்றது. 'இரண்டு டைமண்ட்' அட்டையை உருவி வைத்தார்.

பிரிட்ஜில் ஜோடிகளுக்குள் ரகசிய ஏற்பாடு இருக்கக் கூடாது. ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று எதிராளி கேட்டால் காதோடு காதாகச் சொல்லியாக வேண்டும். பல் டாக்டர் குனிந்து கேட்டார், "இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"ஸ்பேடும் ஹார்ட்டும். அஞ்சஞ்சு" என்றார் மாப்பிள்ளை. கல்யாணத்தன்றுகூட இந்த மனிதர் முன்னால் அவர் இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

தட்டு பலகைக்கு அந்தப் பக்கம் போனது. ஏதோ கிசுகிசுப்பு. மாமியார் ஸ்பேடில் பாய்ந்து வருவார் என்று மாப்பிள்ளை காத்திருந்தார். தட்டு வந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர், பாஸ். மாமியார், பாஸ்.

மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பாஸ்தான். பல் டாக்டர், கையில் ஆறு டைமண்டை வைத்துக்கொண்டு, அவசரமாகத் தானும் பாஸ் வைத்தார். ஏலம் முடிந்தது. மாப்பிள்ளை டைமண்டைத் துருப்பாக வைத்து எட்டுப் பிடி, அதாவது பதின்மூன்று சுற்றில் எட்டை, எடுக்க வேண்டும். அவர் கையில் இருந்த டைமண்ட் இரண்டு. விதிப்படி மாமியார் பலகையின் அடி இடைவெளியில் விரித்துக் காட்டிய சீட்டில் இன்னும் இரண்டு. ஸ்பேடு மட்டும் மாமியாரிடம் ராணியோடு நாலு இருந்தது. ஸ்பேடைத் துருப்பாக வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்திருக்கலாம்.

எடுத்தது நாலு பிடி. கோப்பை பல் டாக்டருக்குப் போனது.

ஆனால் மாப்பிள்ளைக்குக் கோப்பையைப் பற்றிய கவலையே இல்லை. அவர் மனம் குளிர்ந்து போயிருந்தது. மறந்தது யார்? மாமியார்! அத்தனை பேரையும் விரல் நுனியில் ஆட்டிவைத்த மயக்க மருந்து டாக்டர் மறந்துவிட்டார்! இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு தன்னைக் கழற்றிவிட்டுப் பல் டாக்டரோடு சேருவார்? செயலாளர் வந்து பலகையைத் தூக்கினார். எதிரே மாமியார் முகம் வெளுத்துப்போய், விரித்த சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு நாள் வரும் என்று மாப்பிள்ளை கனவிலும் நினைத்ததில்லை. நாலு பேர் காதில் விழும்படி, பெருந்தன்மையாக ஆரம்பித்தார்.

"பரவாயில்ல அத்தை. வயசானா மறதி வரத்தானே செய்யும்? நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. சொல்லப்போனா, நான் இந்த வாரம் பூரா ராப்பகலா உருப்போட்டேன். நீங்களும் கொஞ்சம் பழகினா சரியாயிடும்."

மாமியார் மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டர்தான் நிதானமாகத் தலையைத் தூக்கினார்.

"அவங்க எங்க தம்பி மறந்தாங்க? அர்த்தம் கேட்டதுக்கு, 'எங்க மாப்பிள்ளைக்கு அந்த ஏற்பாடு ஞாபகம் இருக்காது, அவர் டைமண்ட்னா டைமண்ட்தான், மாப்பிள்ளைய மாத்த முடியுமா, அதான் போட்டி ஆரம்பிச்சதுல இருந்து நான் அர்த்தத்த மாத்திக்கிட்டேன், அடுத்த மாசத்துக்கும் அவர் பேரைத்தான் குடுத்திருக்கேன்'னு சொன்னாங்க. இன்னைக்கு நீங்கதான் மறக்க மறந்துட்டீங்க."